உன்னை நாற்காலியில் பிடித்துவைத்த நேரம்

பாப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கல்லில் சுட்ட தோசையைத் தின்றுகொண்டு, அப்பன் மகளுக்குக் கடிதம் எழுதுகிறானே என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். இந்த வாரம் முழுக்க நேரில் சொல்ல வாயெடுத்துப் பார்த்தேன். ஒரு தடவை நீ லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாய். இன்னொரு தடவை உன் அம்மா குறுக்கே வந்து சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்று கேட்டாள். மிச்சத் தடவையெல்லாம் யாரும் குறுக்கே வரவில்லை, நானே வேறு எதையோ பேசிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதனால் தி. நகர் கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்கிற நேரமாகப் பார்த்து, லைனிங் துணி அடுக்கிய மேஜையில் ஓர் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். முடித்ததும் உன் ஸ்கேட் பைக்குள், முழங்கால் பேடுகளுக்கு அடியில் வைத்துவிடுவதாக உத்தேசம். அந்த வாடைக்குப் பயந்து உன்னைத் தவிர வேறு யாரும் அதற்குள் கைவிட மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள், சனிக்கிழமை, பாலவாக்கத்தில் பெங்களூர் டீமோடு உனக்கு மேட்ச். இத்தனை நாள் உங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து இடித்துக்கொண்டிருந்தீர்கள். வெளியூர்க்காரர்களோடு ஆடுவது இதுதான் முதல் தடவை. போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து திரும்பும்போது, அடையாறு பாலம் ஏறுவதற்கு முன்னால் சிக்னலில் நின்றோம். வண்டியை நான் பிடித்துக்கொண்டிருக்க, பின்னால் உட்கார்ந்திருந்த நீ என் முதுகைப் பார்த்துச் சொன்னாய். "அப்பா, சனிக்கெழம நீங்க வர வேணாம். நீங்க பாத்துட்டு இருந்தா என்னால விழ முடியலப்பா." பச்சை விழுந்து, பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "இன்னா நைனா, சிக்னல்லயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. விழ முடியவில்லை என்று ஒரு பெண் அப்பனிடம் குறைப்பட்டு நான் கேள்விப்பட்டதே கிடையாது. நீ விழாமல் இருக்க வேண்டும் என்றுதானே உனக்குக் கால் முளைத்த நாளிலிருந்து நான் எல்லா சாமியையும் கும்பிட்டு வருகிறேன்.

உன் அப்பன் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதுச் செய்தி இல்லை. குக்கர் விசில் அடித்தால் உன்னை அடுப்படியிலிருந்து வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் உன் தலைக்கு மேல் இருந்த காலத்திலும் உன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். பெசன்ட் நகர் கடற்கரையில் மற்ற பிள்ளைகள் அலையில் குதிக்க, நீ மட்டும் என் கையைப் பிடித்தபடி காய்ந்த மணலில் நின்று கடலை வேடிக்கை பார்த்தாய். நீ நாலாம் வகுப்பு முடித்த லீவில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கும். மந்தைவெளியில் நம் தெருவில் தினமும் காலை, கடை திறக்கப் போவதற்கு முன், சீட்டைப் பிடித்துக்கொண்டு உன் பின்னாலேயே ஓடினேன். எதிர்வீட்டு மாமா ஜன்னலிலிருந்து கத்துவார், "கைய விட்டுடுங்கோ சார், கொழந்த பேலன்ஸ் பண்ணிண்டு போயிடுவா!" நான் விடவில்லை. லீவு முடிந்தது, எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, உனக்கு சைக்கிள் வரவில்லை. இன்று வரை வரவில்லை. கடைசியில் அதை உன் சித்தப்பா பையனுக்குக் கொடுத்தோம். அவன் இரண்டு கையையும் விட்டுவிட்டு நம் வாசலில் ஓட்டிக் காட்டினான். அதைப் பார்த்து நீ கைதட்டினாய். துளி பொறாமை இல்லாமல் நீ கைதட்டியது இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

அப்படி வளர்ந்தவள், வேலைக்குப் போய், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிற வயசில், காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு நிற்பாள் என்று நான் கண்டேனா? ஆபீஸ் தோழி கூப்பிட்டாள், ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன் என்றாய். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் கோர்ட்டை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உன்னைக் கொண்டுவிட வந்தவன், பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் சக்கரம் வைத்த இரவல் பூட்ஸில் ஏறி, நீ பாஸ்கெட்பால் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாய். கம்பத்தை விடச் சொன்னால் அழுதுவிடுவாய் போலிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஏக நிம்மதி. ஒரு வாரக் கூத்து, அடுத்த ஞாயிறு வீட்டில் தூங்குவாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் உங்கள் கேப்டன் நஸ்ரீன் வந்தாள். வாரநாளில் கேட்டரிங், ஞாயிறானால் சக்கரம். முதுகில் 'இடிச்சபுளி' என்று பட்டம் போட்ட சட்டை. நடுவில் நின்றால் யார் இடித்தாலும் நகரமாட்டாள் என்று அவளே வைத்துக்கொண்டது. கம்பத்திலிருந்து உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, "ஓடுறதெல்லாம் அப்பால. மொதல்ல வுழ கத்துக்கோ" என்றாள். ஒரு முழங்கால், பிறகு அடுத்த முழங்கால், உடம்பைச் சுருக்கிக்கொண்டு, கை இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு. "வெரல விரிச்சின்னா பின்னால வர்றவ சக்கரம் ஏறிடும், பாத்துக்கோ." நீ தொப்பென்று விழுந்தாய், எழுந்தாய், பிறகு வாய்விட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் நம் வீட்டில் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியவன்தான், எனக்கு அன்றைக்குப் பயம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு நீ வீட்டில் தூங்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கம்பத்தை விட்டாய். காலை அகட்டிச் சக்கரத்தைத் தேய்த்து நிற்கக் கற்றாய். வளைவு வரும்போது வலது காலைத் தூக்கி இடது காலுக்கு அந்தப் பக்கம் போட்டுத் திரும்ப வேண்டுமாம். அது வராமல் மாசக்கணக்கில் முட்டிமோதினாய். வீட்டில் பல் துலக்கும்போதுகூடக் காலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாய். ஒரு நாள் அது தன்னால் வந்துவிட்டது. நஸ்ரீன் விசில் ஊதி ஊதி வாய் வலித்தும் நீ நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாய். அன்றுதான் உன் சட்டைக்கு 'தட்டாமாலை' என்று பெயர் வைத்தார்கள். முன்னால் என் இனிஷியலையாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

உங்கள் ஆட்டத்தை நான் புரிந்துகொண்டது இப்படி, தப்பிருந்தால் மன்னித்துவிடு. வளையமாகக் கோடு போட்ட தரையில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கூட்டமாகச் சுற்றுகிறார்கள். பக்கத்துக்கு ஒருத்தி மட்டும் ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்ட உறை மாட்டியிருப்பாள். அவள் பின்னாலிருந்து வந்து அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போக வேண்டும். மறுபடி சுற்றி வந்து எதிராளிகளைத் தாண்டத் தாண்டப் பாயிண்ட். தாண்ட விடாமல் மற்றவர்கள் இடுப்பாலும் தோளாலும் இடித்துத் தள்ளுவார்கள். தள்ளலாம், அது சட்டப்படிதான். இப்படி ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்குப் பெண்பிள்ளை இருந்திருக்காது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "இருந்திருக்கும். அந்தப் புள்ளைய ரேஷன் கடை வரிசையில நிக்க அனுப்பியிருப்பாரு" என்றாள். அந்த நட்சத்திர உறையை நஸ்ரீன் உன் தலையில் மாட்டிய நாளில் நீ கோர்ட்டிலிருந்து வீடு வரைக்கும் பின்சீட்டில் பாடிக்கொண்டே வந்தாய். எனக்கு வண்டி கையில் நிற்கவில்லை.

உன் மணிக்கட்டு உடைந்த காலையை நீ உன் தோழிகளிடம் எப்படிச் சொல்கிறாயோ தெரியாது. நான் பார்த்தது இது. நட்சத்திரத்தோடு நீ கூட்டத்துக்குள் புகுந்து, இரண்டு பேருக்கு நடுவே கிடைத்த சந்தில் தோளைக் குறுக்கி நுழைந்துகொண்டிருந்தாய். பக்கவாட்டில் ஒருத்தி உன்னைக் குறிவைத்து வருவது பெஞ்சில் இருந்த எனக்குத் தெரிந்தது. "ஐயோ பாப்பா, பாத்து!" என்று கத்தினேன். கோர்ட் முழுக்க எதிரொலித்தது. நீ திரும்பினாய். வருகிறவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். உடம்பு நிமிர்ந்தது, கை விரிந்தது. அவள் லேசாகத்தான் இடித்தாள். கற்றுக்கொண்டது எல்லாம் மறந்து, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தபோது உடையாத கையால் என் முதுகைத் தடவி, "ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எலும்பு உடைந்தது உனக்கு, ஆறுதல் எனக்கு. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு அவமானமாக இருந்தது, பாப்பா.

கட்டுப் போட்ட கையோடு நங்கநல்லூரில் நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, பந்தியில் உன் எதிரே வந்து நின்று கையில் என்ன என்று கேட்டார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாண்ணே" என்று நான் முந்திக்கொண்டேன். நீ இடது கையில் இருந்த ஸ்பூனை இலையில் வைத்துவிட்டு, "இல்ல பெரியப்பா. ஸ்கேட்டிங்ல விழுந்தேன். இடிச்சு ஆடுற ஆட்டம். கட்டுப் பிரிச்சதும் திரும்பப் போவேன்" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, "என்னடே இது?" என்றார். நம் வீட்டுக் குளியலறைத் தரை சொரசொரப்பானது. பாவம், அதற்கு வந்த கெட்ட பெயர் அங்கேயே நீங்கியது. வரன் தட்டிப்போகுமோ என்று எனக்கு ஒரு பயம். திரும்பப் போவேன் என்று நிஜமாகவே சொல்கிறாளோ என்று அதைவிடப் பெரிய பயம். முதல் பயத்தை உன் அம்மா வரும் வழியிலேயே துடைத்துப் போட்டாள். "இடிச்சுத் தள்ளத் தெரிஞ்ச புள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் நமக்குப் பயம் இல்லல்லா?" இரண்டாவதற்கு அவளிடமும் மருந்து இல்லை.

திரும்பப் போனாய். ஆனால் போனவள் வேறு ஆளாக இருந்தாள். முழங்காலை மடக்கித் தணிந்து ஓடியவள், நிமிர்ந்து ஓடினாய். கூட்டத்தைக் கண்டால் ஓரமாக ஒதுங்கினாய். நஸ்ரீன் ஒரு நாள் தண்ணீர் பாட்டிலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாத்தீங்களா அங்கிள்? பயந்தா நிமிருவாங்க. நிமிந்து கீறவங்கள சும்மா தட்டுனாலே போதும், வுழுந்துடுவாங்க. கை சேந்துடுச்சு. இன்னொன்னு இன்னும் சேரல" என்றாள். அந்த இன்னொன்று என்ன என்று நான் கேட்கவில்லை. பிறகு, "நீங்க சும்மாதானே குந்திகினு கீறீங்க? இந்தாங்க, இத்த புடிங்க" என்று ஒரு ஸ்டாப்வாட்சை என் கையில் திணித்தாள். கைக்கு வேலை கொடுத்தால் என் வாய் சும்மா இருக்கும் என்பது அவள் கணக்கு. கெட்டிக்காரி.

தப்பாக இடித்தவர்கள் வெளியே வந்து நாற்காலியில் முப்பது விநாடி உட்கார வேண்டும், அதற்குத்தான் வாட்ச். பத்து விநாடி மிச்சம் இருக்கும்போது "எழு" என்பேன், முடிந்ததும் "போ" என்பேன். அவ்வளவுதான் உத்தியோகம். முள்ளைப் பார்க்கிற மும்முரத்தில் நான் உன்னைப் பார்ப்பது குறைந்தது. அந்த வாரங்களில்தான் நீ மறுபடி தணிந்து ஓட ஆரம்பித்தாய். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் "போ" எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்று எல்லோரும் கேலி பண்ணுவீர்கள். கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த மயிலாப்பூர் வித்யா, பக்கத்து நாற்காலிக்கு வாட்ச் பிடிப்பவள், "அங்கிள் டைமையும் லைனிங் மாதிரி நாலு வெரல் சேத்துதான் கட் பண்றார்" என்றாள். வாஸ்தவம்தான். லைனிங் துணியை நனைத்தால் சுருங்கும். மீட்டர் கம்பி முடிகிற இடத்தில் நாலு விரல் வைத்து, அதற்கப்பால்தான் கத்தரி போடுவோம். நம் கடையில் துணி வாங்கிய யாருக்கும் ஜாக்கெட் கை ஏறாமல் போனதில்லை. குறைந்துவிடக் கூடாது என்று கூட்டிக் கொடுத்தே பழகிய கை இது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன ஞாயிறு நடந்தது கடைப் பழக்கம் இல்லை. சனிக்கிழமை நட்சத்திரம் யாருக்கு என்று முடிவு பண்ண, இரண்டாகப் பிரிந்து ஆடினீர்கள். முன்னால் போனவளைப் பின்னாலிருந்து தள்ளியதற்காக உன்னை வெளியே அனுப்பினார்கள். நட்சத்திரத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாய். மூச்சு இரைத்தது, தாடையில் வேர்வை சொட்டியது, கண் மட்டும் கோர்ட்டை விட்டு அகலவில்லை. "எழு" என்றேன், எழுந்து நின்றாய். அப்போது எதிர்ப்பக்கம் ஆடிய நஸ்ரீன் உங்கள் பெண் ஒருத்தியை இடுப்பால் ஓர் இடி இடித்தாள். அந்தப் பெண் கோட்டைத் தாண்டிச் சறுக்கி வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். அடுத்த நொடி எழுந்து ஓடிவிட்டாள், தோல்கூட உரியவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அங்கே கிடந்தது அவள் இல்லை. வாட்சில் முப்பது தாண்டியது. "போ" என்பது ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்து வரவில்லை. நீ திரும்பி, "அப்பா?" என்றாய். "இன்னும் ஆகலம்மா" என்றேன். வித்யா எட்டி என் கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ அங்கிள், எப்பவோ ஆயிடுத்து!" என்று கத்தினாள். அதற்குள் எதிர்ப்பக்கத்து நட்சத்திரக்காரி உங்கள் ஆட்களைத் தாண்டித் தாண்டிப் பாயிண்டை அள்ளிவிட்டாள், விசிலும் ஊதிவிட்டார்கள்.

எல்லோருக்கும் தெரிந்துதான் போயிற்று, அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியாதது ஒன்றுதான். நீ அந்த நாற்காலியில் இருந்த நேரம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்தக் கோர்ட்டிலேயே உன்னை யாரும் இடிக்க முடியாத இடம் அது ஒன்றுதான். விட்டால் உன்னை அங்கேயே உட்காரவைத்து, பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். நஸ்ரீன் என்னைத் திட்டவில்லை. வாட்சை வாங்கிச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நட்சத்திரம் உனக்குத்தான் என்றும் சொன்னாள். நீ முகம் மலரவில்லை. அதற்குப் பிறகு ஆடிய ஆட்டத்தில் நீ நிமிர்ந்து ஓடினாய், பாப்பா. கட்டுப் பிரித்த முதல் வாரம் ஓடியது போலவே. நடுநடுவே கண் என்னைத் தேடியது. சிக்னலில் நீ சொன்னதன் அர்த்தம் எனக்கு, நம் தெருத் திருப்பத்தைத் தவறவிட்டு ராயப்பேட்டை வரை சுற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் விளங்கியது. விழத் துணிந்தவளால்தான் தணிந்து ஓட முடியும். விழக்கூடாது என்று ஓடுகிறவளுக்குத்தான் எலும்பு உடையும். நான் வந்து பார்த்தால் நீ நிமிர்வாய், நிமிர்ந்தால் விழுவாய். நான் எதற்குப் பயப்படுகிறேனோ அதை என் பயமே கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது.

நேற்று சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, அம்மாவும் நானும் நஸ்ரீன் வீட்டுக்குப் போனோம். உன்னிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் ஒரு விசேஷத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மன்னிப்பெல்லாம் இன்னாத்துக்கு அங்கிள்? ஒரு தபா வுழுந்து பாருங்க" என்று தன் முழங்கால் பேடுகளைக் கொண்டுவந்து என் வேட்டிக்கு மேலேயே கட்டிவிட்டாள். சக்கரம் இல்லை, வெறுங்கால். அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்த சிமெண்ட் முற்றம். முழங்காலை மடக்கிக் கீழே போக வேண்டும், அவ்வளவுதான். முடியவில்லை. என் கண் தன்னால் உன் அம்மாவைத் தேடியது. அவ்வளவு தைரியசாலி, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் என் கால் கட்டையாகிவிட்டது. அவளுக்கே அது புரிந்திருக்க வேண்டும். திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் விழுந்தேன்.

வலிக்கவில்லை. 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நஸ்ரீன் கையைப் பார்க்கச் சொன்னாள். ஒரு கை ஒழுங்காக மூடியிருந்தது, இன்னொன்று வேட்டியைப் பிடித்திருந்தது. மறுபடி விழுந்தேன். "முடிஞ்சுதா? நான் திரும்பட்டுமா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் உன் அம்மா. திரும்பியவள் கண்ணில் தண்ணீர். "ஏங்க, ரெண்டு நிமிஷம் உங்களப் பாக்காம நிக்கதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துட்டு" என்றாள். தைரியம் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கும் சும்மா வந்ததில்லை போலிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

உனக்கு புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒன்றிரண்டைச் சொல்கிறேன். பெங்களூர்ப் பெண்கள் ரொம்ப உயரமாம் என்று நீ போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் ஓர் அம்மாள் கட்டைப்பையோடு நுழைந்து போவதைப் பார்த்திருக்கிறாயா? தன்னைவிட உயரமானவர்கள் ஆயிரம் பேர் எதிரே வருவார்கள். அவள் ஒருவர் முகத்தையும் பார்க்கமாட்டாள். இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற இடத்தை மட்டும்தான் பார்ப்பாள். நீயும் அப்படிப் போ. முகங்களைப் பார்க்காதே, முக்கியமாக என் முகத்தை. அடிபட்டால் முதலில் நஸ்ரீனிடம் சொல், பிறகு டாக்டரிடம், அதற்குப் பிறகு எனக்கு. முதலிலேயே எனக்குச் சொன்னால் நீ என்னைத் தேற்ற வேண்டி வரும், அப்போது உனக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது. பயம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன், இந்த வயசில் எனக்கே போகவில்லை. வரும்போது, அது உன்னுடைய பயம்தானா என்று ஒரு தரம் பார்த்துக்கொள். என்னுடையது என்றால் கழற்றிப் போட்டுவிடு, நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து கத்தரி பிடித்தால் யாருடைய துணியையாவது பாழாக்கிவிடுவேன். அதனால் ஒரு வேண்டுகோள். பாலவாக்கம் வரைக்கும் வருகிறேன், மேட்ச் நடக்கிற ஹாலுக்குள் வரமாட்டேன். பின்பக்கம் கடலுக்குப் போகிற சந்து ஒன்று இருக்கிறதாம், நஸ்ரீன் சொன்னாள். ஹால் சுவருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அங்கே நிற்கிறேன். அம்மா உள்ளே உட்காரட்டும். நடுவில் வந்து எனக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன். சக்கரச் சத்தம் கேட்கும், விசில் கேட்கும், ஜனங்கள் 'ஐயோ' என்பதும் கேட்கும். அந்த ஐயோ உனக்கா, வேறு யாருக்கோவா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் திரும்பமாட்டேன். அதுகூட வேண்டாம் என்று நீ சொன்னால், சந்துக்கும் வரவில்லை.

வரலாம் என்று சொன்னால், மேட்ச் முடிந்து நீ வெளியே வரும்போது நான் அங்கே இருப்பேன். நடந்து வருவாயோ, நொண்டிக்கொண்டு வருவாயோ, யார் தோளையாவது பிடித்துக்கொண்டு வருவாயோ, எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். "அடி பட்டுச்சாம்மா?" என்றுதான் வாயில் வருகிறது. அதை விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். "எத்தன பேரத் தாண்டின, பாப்பா?" இன்னும் குரல் நடுங்குகிறது. சனிக்கிழமைக்குள் சரிபண்ணிவிடுவேன்.

அப்பா